வியாசர்பாடிப் பையனுக்கு மூன்று காலா?

கால்பந்து என்று சொன்னதும் உங்களுக்கு எந்த ஊர் நினைவுக்கு வருகிறது?

சென்னைக்காரர்கள் வியாசர்பாடி என்பார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் தூத்தூர் என்பார்கள். பெண்கள் ஆட்டம் என்றால் கடலூர் என்பார்கள்.

தர்மபுரி என்று யாராவது சொல்வார்களா? இண்டூர் என்று சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள்.

ஏன்? வியாசர்பாடிப் பையனுக்கு மூன்று காலா? இண்டூர்ப் பையனுக்கு ஒரு காலா? எல்லோருக்கும் இரண்டு கால்தான்!

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பந்து விளையாட்டுப் பற்றிய விஷயம்தானே என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது பிள்ளை வளர்ப்பைப் பற்றிய விஷயம்.

களி தின்ற கால்கள்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் இருந்தபடியே இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள்.

வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகு, நிலக்கடலை. கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி. மழை பொய்த்தால் பெங்களூர்!

ஆம், பெங்களூர்தான். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஆட்டுக்குப் பின்னால் ஓடிப் பழகிய கால்கள். கேழ்வரகுக் களி தின்ற கால்கள். பந்தைக் கொடுத்தால் உதைக்கத் தெரியாதா?

உதைப்பார்கள். ஆனால் ஒரு நாள் உதைப்பது வேறு. பத்து வருஷம் உதைப்பது வேறு. அந்தப் பத்து வருஷத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது யார்?

பிறவியிலேயே வித்தை வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். அப்படிச் சொல்வது சுலபம். நமக்கு ஒரு வேலையும் இல்லை பாருங்கள்!

பீலேயின் அம்மா

பீலேயைத் தெரியாதவர் யார்? பிரேசில் நாட்டுக்காரர். 1958-ல் சுவீடனில் உலகக் கோப்பை நடந்தபோது அவருக்கு வயது 17. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். உலகமே வாயைப் பிளந்தது.

"பிறவி மேதை" என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பிறவி மேதை எந்த வீட்டில் பிறந்தார் தெரியுமா?

அவருடைய அப்பாவே ஒரு கால்பந்து ஆட்டக்காரர். முழங்காலில் அடிபட்டுப் பெரிய ஆட்டக்காரராக வர முடியாமல் போனவர். வீட்டில் வறுமை. பந்து வாங்கக் காசு இல்லை. பழைய காலுறைக்குள் காகிதத்தைத் திணித்துக் கட்டி உதைத்தான் பையன். பாலிஷ் போடும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு போய்ச் செருப்புத் துடைத்தான்.

அம்மாவுக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. புருஷனுடைய காலைக் கெடுத்த விளையாட்டு அல்லவா? பிள்ளையும் அந்த வழியே போவதா என்று பயந்தார். எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வாள்.

ஆனால் அப்பா சொல்லிக் கொடுத்தார். தெருவில் கூட விளையாடப் பையன்கள் இருந்தார்கள். பிறகு வால்டெமார் டி பிரிட்டோ என்ற பயிற்சியாளர் வந்தார். அவர் 1934-ம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடியவர். பையனைப் பார்த்தார், விடவில்லை. 1956-ல் சான்டோஸ் நகருக்கு அழைத்துக் கொண்டு போனார். அம்மா மனதைக் கல்லாக்கிக் கொண்டு அனுப்பி வைத்தார்.

அப்பா இல்லை, தெருப் பையன்கள் இல்லை, அந்தப் பயிற்சியாளர் இல்லை, அம்மா கடைசி வரை "கூடாது" என்றே சொல்லிவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஊரில் செருப்புத் துடைத்துப் பிழைத்த ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

கடற்கரை மணலில்

பிரேசில் தூரம். நம் தூத்தூரைப் பார்ப்போம்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் வரிசையாக மீனவ ஊர்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார்கள். 2017-ல் ஒக்கிப் புயல் வந்ததே, அதில் ஏராளமான ஆண்களைப் பறிகொடுத்த ஊர்கள் இவை.

இந்த ஊர்களில் கால்பந்து ஒரு விளையாட்டு மட்டும் அல்ல. திருவிழா மாதிரி! ஊருக்கு ஊர் கோஷ்டி. கோஷ்டிக்குக் கோஷ்டி போட்டி. கரையில் இருக்கிற அண்ணன், மாமன், சித்தப்பன் எல்லோரும் மணலில் இறங்கிவிடுவார்கள். ஏழு வயதுப் பையன் பதினேழு வயது அண்ணனோடு மோதிக் கற்றுக் கொள்கிறான். மணலில் ஓடுவது லேசா? அந்தக் காலுக்குப் புல் தரை என்பது மெத்தை.

இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணியில் ஆடினார். 2020-ல் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்ற கொல்கத்தா அணியிலும் இருந்தார். அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். ஒரே வீட்டில் இரண்டு பேர்! இரத்தத்தில் ஊறியது என்று சொல்லலாம். வாசலுக்கு வந்தால் பந்து, திண்ணையில் உட்கார்ந்தால் பந்தைப் பற்றிய பேச்சு என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. ரயில்வே, வங்கி, சுங்க இலாகா போன்றவை நீண்ட காலமாகக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வந்திருக்கின்றன. "பக்கத்து வீட்டு அண்ணன் பந்து விளையாடினான், வேலை கிடைத்தது" என்று ஒரு தாய் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு பந்தை ஒளித்து வைக்க மாட்டாள்.

வியாசர்பாடியும் அப்படித்தான். வட சென்னையில் உழைக்கிற ஜனங்கள் நெருக்கமாக வாழ்கிற இடம். அந்தப் பேட்டையின் கால்பந்துக்காரர்களே சங்கம் அமைத்து, குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு விளையாட்டும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2018-ல் இந்திய சூப்பர் லீக் கோப்பையைச் சென்னை அணி வென்றபோது அந்த அணியில் இருந்த தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். அவரைப் பார்த்து வளர்கிற சிறுவர்களுக்கு இந்திய அணி என்பது ஆகாயத்தில் இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறது.

கடலூர்ப் பெண்கள்

இனி சொல்லப் போவதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமி. கடலூர்க் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. தாய் தகப்பனை இழந்த குழந்தைகளை அரசு காப்பகத்தில் சேர்த்தார்கள். ஏற்கனவே ஆதரவு இல்லாத பெண் குழந்தைகளும், வளர்க்க வசதி இல்லாத வீட்டுக் குழந்தைகளும் காப்பகத்தில் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட பெண் குழந்தைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். பெண் பிள்ளைகளுக்குப் பந்தா என்று கேட்டவர்கள் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்துக் கொண்டே இருந்தார்.

என்ன நடந்தது?

2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, தேசியப் போட்டியில் முதல் தடவையாகப் பட்டம் வென்றது. யாரை வென்றது? மணிப்பூரை! பெண்கள் கால்பந்தில் பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்த மணிப்பூரை! 2023-ல் அமிர்தசரசில் மறுபடியும் பட்டம். இந்த வெற்றிகளுக்குப் பின்னால் கடலூர்ப் பெண்களின் உழைப்பு இருக்கிறது.

கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ல் கொரோனா பரவியபோது சென்னைத் தெருவில் காக்கி உடையில் நின்று காவல் பணி செய்தார்.

சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பெண்தான். அவருடைய தாய் தனியாக இருந்து இரண்டு பெண்களை ஆளாக்கியவர். 2023 பிப்ரவரியில் சென்னையில் நேபாள அணியோடு இந்தியப் பெண்கள் மோதினார்கள். மகள் நாட்டுக்காக ஆடுவதை அந்தத் தாய் முதல் தடவையாக நேரில் பார்த்தார். அதைச் சந்தியாவே பெருமையோடு எல்லோருக்கும் தெரியப்படுத்தினார்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. காப்பகம் அந்தப் பெண்களுக்கு என்ன கொடுத்தது? மாடமாளிகையா? இல்லை. மூன்று வேளைச் சோறு. தினமும் ஒரே நேரத்தில் பயிற்சி. கூட ஆட அக்காமார்கள். பயிற்சி முடிந்ததும் பத்திரமாகத் திரும்ப ஓர் இடம். பதினாலு வயதில் "எப்போது கல்யாணம்?" என்று கேட்க யாரும் இல்லை.

இவ்வளவுதான். தாய் தகப்பன் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இவற்றில் எத்தனை கிடைக்கிறது?

இண்டூர்ப் பெண்

இப்போது இண்டூருக்குத் திரும்புவோம்.

இந்தப் பக்கத்தில் ஒரு பெண் என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது பதினாலு. ஒன்பதாம் வகுப்பு. காற்றாக ஓடுகிறாள். குறுவட்டப் போட்டியில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. அம்மா அப்பா பெங்களூரில். வீட்டில் பாட்டியும் தம்பியும்.

மாலையில் பயிற்சி என்றால் தம்பிக்குச் சோறு ஆக்குவது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? ஆறரை மணிக்கு இருட்டிய பிறகு தனியாக எப்படி வருவாள்? பாட்டி கேட்பது நியாயமான கேள்வி. பாட்டியைக் கோபித்துப் பயன் இல்லை.

அடுத்த கேள்வி தெருவிலிருந்து வரும். "வயசுக்கு வந்த பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா?" அடுத்த வருஷம் பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை ஜாதகம் வரும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரிதான். பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனாலும் குழந்தைக் கல்யாணத்தை அதிகாரிகள் போய்த் தடுத்தார்கள் என்ற செய்தி இந்த மாவட்டத்திலிருந்து வந்து கொண்டேதான் இருக்கிறது.

"பந்து விளையாடினால் எல்லாப் பெண்ணும் சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிடுவாளா?" என்று கேட்பீர்கள். ஆக மாட்டாள். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது பெரிய போட்டிகளில் ஜெயித்தவர்களுக்கு. ஆயிரம் பேர் ஆடினால் ஒருவருக்குக் கிடைக்கலாம். இதை மறைத்து ஆசை காட்டுவது பாவம்.

மற்ற 999 பேர்? அடுத்த ஆட்டத்துக்காகவாவது பள்ளிக்கூடம் வருவார்கள். பத்தாம் வகுப்போடு நிற்காமல் பன்னிரண்டு முடிப்பார்கள். நாலு ஊர் பார்த்த பெண், "இப்போது கல்யாணம் வேண்டாம், மாமா" என்று சொல்ல ஒரு தைரியம் பெறுவாள். எனக்கு அந்த ஒரு கோப்பையே போதும்.

யாருடைய மைதானம்?

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பந்துக்கு ஜாதி இல்லை. ஆனால் நம் கிராமங்களில் சில மைதானங்களுக்கு இருக்கிறது! ஊர்ப் பையன்கள் ஒரு பக்கம். காலனிப் பையன்கள் ஒரு பக்கம். இரண்டு கோஷ்டியிலும் ஆள் பற்றாது. ஒரு பக்கம் நல்ல கோல் கீப்பர் இருப்பான். மறு பக்கம் நன்றாக ஓடுகிறவன் இருப்பான். இருவரும் சேர்ந்து ஆடுவதே இல்லை. பிறகு குறுவட்டப் போட்டியில் ஆறு கோல் வாங்கிக் கொண்டு திரும்புவார்கள். வாங்கட்டும்!

டிசம்பர்ப் பிள்ளை

பிறந்த மாதத்துக்கும் பந்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? ஜோசியம் அல்ல. ஆராய்ச்சி.

கனடாவில் 1985-ல் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவர் பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த நாட்களைக் கணக்கெடுத்தார். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகமாக இருந்தார்கள். பிறகு பல நாடுகளில் இளைஞர் கால்பந்திலும் இதையே கண்டார்கள்.

காரணம் எளிது. வயதுப் பிரிவை ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவு. பதினோரு மாத வித்தியாசம்! பத்து வயதில் அது உயரத்திலேயே தெரியும். பெரியவனாகத் தெரிகிறவனை எடுப்பார்கள். அவனுக்குப் பயிற்சி கிடைக்கும். நன்றாக ஆடுவான். "பார்த்தாயா, இவனுக்குத்தான் வித்தை இருக்கிறது" என்பார்கள்!

நானும் டிசம்பர்ப் பிள்ளைதான். நான் படித்த பள்ளியில் டிரில் மாஸ்டர் என்னை ஓரமாக நிறுத்திப் பந்து பொறுக்க விட்டார். எனக்கு வித்தை ஒன்றும் கிடையாது. அதனால் நஷ்டமும் இல்லை. ஆனால் என்னோடு பந்து பொறுக்கிய இன்னொரு குள்ளன் இருந்தான். இடது காலால் உதைத்தால் பந்து வளைந்து போகும். யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு திருப்பூர் போய்விட்டான். பத்தாம் வகுப்பில் நான் சேர்ந்தபோது மாஸ்டர், "அந்த இடது கால் பையன் எங்கேடா?" என்று கேட்டார்.

சின்ன ஊர் நல்ல ஊர்

இண்டூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2006-ல் கனடா ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ஆட்டக்காரர்கள் எந்த ஊர்களில் பிறந்தவர்கள் என்று பார்த்தார்கள். பெருநகரங்களில் பிறந்தவர்கள், அந்த நகரங்களின் ஜனத்தொகைக்கு ஏற்ற அளவில் இல்லை. சிறிய ஊர்களில் பிறந்தவர்களே எதிர்பார்த்ததைவிட அதிகம்.

சின்ன ஊரில் வெட்டவெளி உண்டு. பெரியவரும் சிறியவரும் கலந்து ஆடலாம். ஒரு பிள்ளை நன்றாக ஆடினால் ஊர் முழுக்கத் தெரியும். இவை இண்டூரில் இல்லையா?

இல்லாதது என்ன? டிரில் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருக்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் பல பள்ளிகளில் முதலில் பறிபோவது அந்த வகுப்புத்தான். மாலையில் இரண்டு மணி நேரம் பள்ளிக்கூட மைதானத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஆடி, இப்போது கடை வைத்திருக்கிற, பஸ் ஓட்டுகிற அண்ணன்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து நிற்க வேண்டும். ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே கோஷ்டியில் இருக்க வேண்டும். குள்ளனை ஓரமாக நிறுத்தக் கூடாது. இவற்றுக்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். பந்துக்கு மட்டும் சில நூறு ரூபாய். திருவிழாவில் ஒரு சரம் பட்டாசைக் குறைத்தால் அதுவும் கிடைத்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு கூடுதலாக வேண்டும். ஆறரை மணிக்குப் பயிற்சி முடிந்ததும் அவர்களைத் தெருத் தெருவாக வீட்டில் கொண்டு போய் விடுவது யார்? மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிற இரண்டு தாய்மார்கள் முறை வைத்துக் கொண்டு வந்தால் பாட்டியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இண்டூரில் அந்த இரண்டு பேர் யார் என்பதை அடுத்த குழுக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடலாம்.